தென்னார்க்காட்டு மணிலாவும் பன்னாட்டு வணிகமும்

பன்னாட்டு வணிகம் என்பது நாடுகளின் எல்லைகளைக் கடந்து பொருள்களும் சேவைகளும் வாங்கி விற்கப்படுவதாகும். ஒரு பொருள் எங்கு விளைய வேண்டும், எங்கு பக்குவப்பட வேண்டும், அதில் யாருக்கு எவ்வளவு மிஞ்சும் என்பவற்றை விலையும் செலவும் மட்டும் தீர்மானிப்பதில்லை. சுங்கம் விதிக்கும் அரசின் அதிகாரமும், வாங்கும் மக்களின் பழக்கமும் விருப்பமும் அந்த விலைக்குள்ளேயே கலந்திருக்கின்றன. இம்மூன்றையும் பாடநூல்கள் தனித்தனி அத்தியாயங்களில் பிரித்துக் கற்பிப்பதுண்டு. நடைமுறையில் அவை அப்படிப் பிரிந்து நிற்பதில்லை. விழுப்புரம், விக்கிரவாண்டி, திண்டிவனம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் நிலக்கடலை வணிகம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இங்கே செம்மண் புன்செயில் விளைந்த கடலை பல பத்தாண்டுகள் பிரான்ஸ் நாட்டின் மார்சேய் நகரச் சோப்புத் தொழிலுக்கு மூலப்பொருளாக இருந்தது.

பெயரில் உள்ள வரலாறு

நிலக்கடலையின் தாயகம் தென் அமெரிக்கா. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் அது வேர்க்கடலை, இலங்கையில் கச்சான், விழுப்புரம் வட்டாரத்தில் மல்லாட்டை. 'மணிலாக்கொட்டை' என்பதே பேச்சில் தேய்ந்து மல்லாட்டை ஆனது. இன்றும் இப்பகுதிச் சந்தை நிலவரச் செய்திகளில் 'மணிலா மூட்டை வரத்து' என்றுதான் எழுதுகிறார்கள். மணிலா பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரம். 1565 முதல் 1815 வரை ஸ்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகாபுல்கோ துறையிலிருந்து வெள்ளியை ஏற்றிக்கொண்டு மணிலாவுக்கும், சீனப் பட்டை ஏற்றிக்கொண்டு அங்கிருந்து திரும்பியும் ஓடின. மிளகாய், மக்காச்சோளம் போன்ற அமெரிக்கப் பயிர்கள் ஆசியாவுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. தென்னார்க்காட்டு உழவர் தம் பயிருக்கு வைத்த பெயர் அந்தக் கடல்வழியைச் சுட்டுகிறது.

கடலைக்கு முன் நீலத்துணி

கடலை வணிகத்தைப் புரிந்துகொள்ள அதற்கு முந்தைய ஒரு வணிகத்தைப் பார்க்க வேண்டும். நெப்போலியன் காலப் போர்கள் முடிந்து 1816இல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. படை வைத்து ஆங்கிலேயருடன் போட்டியிடும் நிலையில் அவர்கள் இல்லை. சுற்றிலும் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட தென்னார்க்காடு. எனவே அச்சிறு பகுதியிலிருந்து வணிகத்தின் மூலம் என்ன பெற முடியும் என்பதே அவர்களின் கவலையாயிற்று.

பதிலாகக் கிடைத்தது 'கினே' எனப்பட்ட நீலத்துணி. பருத்தித் துணியை அவுரி நீலத்தில் பலமுறை தோய்த்துக் கருநீலமாக்கி, கஞ்சியிட்டு, பளபளப்பேற அடித்து மடித்த துணி அது. புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுத் துறைமுகங்களுக்கும், அங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரைக்கும் சென்றது. ஆற்றின் வடகரையில் வாழ்ந்த திரார்சா, பிராக்னா முதலிய மூர் மக்கள் பாலைநில வேல மரத்துப் பிசினைக் கொண்டுவந்து கொடுத்து இத்துணியைப் பெற்றனர். பிசின் பிரான்சின் துணி அச்சிடும் ஆலைகளுக்குத் தேவைப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த ஆற்றங்கரைச் சந்தைகளில் கினே வெறும் உடைத்துணியாக இருக்கவில்லை, பணமாகவே புழங்கியது. பிசின் விலை 'இத்தனை துணி' என்றே பேசப்பட்டது.

ஐரோப்பிய ஆலைகள் இதே துணியை மலிவாகப் போலி செய்து அனுப்பிப் பார்த்தன. ஆற்றங்கரையில் வாங்குவோர் துணியை முகர்ந்து, தேய்த்து, மடிப்பைத் தடவிப் பார்த்தே வாங்கினர். அவுரியின் மணமும், தோலில் ஒட்டும் நீலமும் அவர்களுக்குத் தரத்தின் அடையாளங்கள். போலித் துணி அந்தச் சோதனையில் நெடுங்காலம் தோற்றது. இயந்திர உற்பத்தியின் செலவுக் குறைவை ஒரு பாலைவனச் சமூகத்தின் மூக்கு தடுத்து நிறுத்தியது என்று சொன்னால் மிகையாகாது.

ஆனால் விருப்பத்தை மட்டும் நம்பி பிரெஞ்சு அரசு இருந்துவிடவில்லை. பிரெஞ்சுக் கொடி பறக்கும் கப்பலில், பிரெஞ்சுத் துறைமுகம் வழியாகச் செல்லும் துணிக்குச் சலுகை தந்தது. பிற்காலத்தில் ஆங்கில, பெல்ஜியத் துணிகள் செனகலில் பெருகியபோது அவற்றின்மீது கூடுதல் சுங்கம் விதித்தது. நூற்றாண்டின் இறுதியில் செயற்கை நீலம் வந்து சேர்ந்தது. 1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தபின் அவுரிச் சாகுபடி எங்கும் சரிந்தது. திண்டிவனம் பகுதியில் இன்றும் அவுரி பயிரிட்டு இயற்கை நீலம் எடுப்பவர்கள் உண்டு, அளவு சிறியது.

வெள்ளைச் சோப்பு, நீலச் சோப்பு, மஞ்சள் சோப்பு

மார்சேய் நகரம் நடுநிலக்கடற் கரையில் உள்ளது. அங்குச் சோப்புத் தொழில் மிகப் பழையது. 1688இல் பதினான்காம் லூயி மன்னரின் அரசு, மார்சேய் சோப்பை ஆலிவ் எண்ணெயில் மட்டுமே செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. பல தலைமுறைகளாக அதையே வாங்கிப் பழகிய பிரெஞ்சுக் குடும்பங்களுக்குச் சோப்பு என்றால் வெள்ளை அல்லது நீலக்கோடு ஓடும் பளிங்கு நிறம்தான். அதே காலத்தில் ஆங்கிலேயர் மேற்கு ஆப்பிரிக்கப் பாமாயிலில் செய்த மஞ்சள் சோப்பை ஏற்றுக்கொண்டுவிட்டனர். பாமாயில் மலிவு, ஆயினும் மஞ்சள் நிறத்தைப் பிரெஞ்சு வீடுகள் விரும்பவில்லை.

ஆலிவ் எண்ணெய் விலை ஏறியபோது மார்சேய் உற்பத்தியாளர்களுக்கு நிறத்தைக் கெடுக்காத மலிவான எண்ணெய் ஒன்று தேவைப்பட்டது. கடலை எண்ணெய் அதற்குப் பொருந்தியது. 1840களில் செனகல் கடலை மார்சேய்க்குச் செல்லத் தொடங்கியது. அதனைத் தொடர்ந்து சோழமண்டலக் கடலையும் போட்டிக்கு வந்தது. மார்சேய் சலவைப் பெண்களின் நிறத் தேர்வு, விக்கிரவாண்டிப் புன்செயில் கம்பும் கேழ்வரகும் இருந்த இடத்தில் கடலையைக் கொண்டுவந்ததன் காரணங்களுள் ஒன்று. ஒரு சமூகத்தின் பழக்கம் இன்னொரு சமூகத்தின் பயிர்முறையை இப்படித்தான் மாற்றுகிறது. இரண்டு பக்கத்தாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

போக்குவரத்தும் கைகொடுத்தது. 1866இல் புதுச்சேரியில் கடற்பாலம் கட்டப்பட்டது. அதற்கு முன் கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்க, சலங்குப் படகுகளே அலையைக் கடந்து சரக்கைக் கொண்டுசென்றன. 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தது. 1879இல் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே இருப்புப்பாதை வந்தது. விழுப்புரம் சந்திப்பாயிற்று, சுற்றுவட்டாரக் கடலை மூட்டைகள் வண்டிகளில் வந்து ரயிலேறிக் கடற்பாலத்தை அடைந்தன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதுச்சேரியின் முதன்மை ஏற்றுமதிகளுள் கடலை இடம்பெற்றது. அதில் மிகப் பெரும்பகுதி பிரெஞ்சு எல்லைக்கு வெளியே, ஆங்கிலேயர் ஆண்ட தென்னார்க்காட்டில் விளைந்தது.

எண்ணெயை ஏன் இங்கேயே ஆட்டவில்லை?

இந்த வணிகத்தின் மையக் கேள்வி இதுவே. தென்னார்க்காட்டில் செக்குகள் இல்லாத ஊர் குறைவு. எண்ணெய் ஆட்டும் தொழில் தெரிந்த வாணியச் செட்டியார்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தனர். அப்படியிருந்தும் கப்பலேறியது பருப்புதான், எண்ணெய் அல்ல.

1817இல் டேவிட் ரிக்கார்டோ விளக்கிய ஒப்பீட்டு நன்மைக் கோட்பாட்டின்படி, ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் செலவு குறைந்த பொருளைச் செய்து விற்பதே இருதரப்புக்கும் ஆதாயம். கடலை ஏன் இங்கு விளைந்தது என்பதை இது நன்றாகவே விளக்குகிறது. மானாவாரிச் செம்மண், குறைந்த கூலி, 4 மாதத்திற்குள் அறுவடை. பிரான்சில் இவை கிடையா. எண்ணெய் ஏன் அங்கு ஆட்டப்பட்டது என்பதற்கு இக்கோட்பாடு பாதிப் பதிலே தருகிறது. பருப்பைச் சாக்கில் அனுப்பலாம்; எண்ணெய்க்குப் பீப்பாய் வேண்டும், பீப்பாய் ஒழுகும். மார்சேயில் நீராவி ஆலைகள் இருந்தன. எண்ணெய் போக மிஞ்சும் பிண்ணாக்குக்கு ஐரோப்பியப் பால்பண்ணைகளில் நல்ல விலை கிடைத்தது. இவை செலவு சார்ந்த காரணங்கள்.

மீதிப் பதில் சுங்க அட்டவணையில் இருக்கிறது. பிரான்ஸ் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவும் எண்ணெய் வித்துக்களை வரியின்றியோ குறைந்த வரியிலோ உள்ளே விட்டன. பிழிந்த எண்ணெய்க்கு வரி விதித்தன. மூலப்பொருளுக்குக் குறைவாகவும், பக்குவப்படுத்திய பொருளுக்குக் கூடுதலாகவும் சுங்கம் வைக்கும் இம்முறையைச் சுங்கப் படியேற்றம் எனலாம். தோற்றத்தில் அது தாராளமான கொள்கை. வித்துக்கு வரியே இல்லை அல்லவா! ஆனால் விழுப்புரத்தில் ஆலை வைக்க நினைப்பவருக்கு அது மூடிய கதவு. இந்தியாவை ஆண்ட ஆங்கில அரசு எதிர்ச்சுங்கம் விதித்துப் பேரம் பேசியிருக்கலாம். தடையற்ற வணிகம் என்ற கொள்கையின் பெயரால் அது அதைச் செய்யவில்லை.

கடலைப் பருப்பின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், மற்றது பெரும்பாலும் பிண்ணாக்கு. பருப்பாகவே ஏற்றுமதி செய்தபோது எண்ணெய் ஆட்டும் கூலியுடன் மாட்டுத் தீவனமும் வயலுக்கு எருவும் சேர்ந்தே கடல் கடந்தன. இழப்பைக் கணக்கிடுவோர் எண்ணெயை நினைப்பார்கள், பிண்ணாக்கை மறந்துவிடுவார்கள். நிலத்தின் வளத்தைப் பொறுத்தவரை பின்னது சிறிய இழப்பன்று.

முன்பணமும் ஈரக் கடலையும்

வயலுக்கும் கப்பலுக்கும் இடையில் நீண்ட சங்கிலி இருந்தது. விதைப்புக் காலத்தில் உழவருக்குப் பணம் தேவை. ஊர்த் தரகர் அல்லது மண்டிக்காரர் முன்பணம் தருவார்; விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலையில் கொடுக்க வேண்டும். மண்டிக்காரருக்குப் பின்னால் பெரிய வணிகர். அவருக்குப் பின்னால் ராலி, வோல்கார்ட், லூயி திரேபுசு போன்ற ஐரோப்பிய ஏற்றுமதி நிறுவனங்கள். மார்சேய் விலை தந்தியில் சங்கிலியின் மேல்முனைக்கு வந்துவிடும். கீழ்முனையில் இருப்பவர் கடனில் இருந்ததால் விலையை அறிந்தாலும் வேறிடம் போய் விற்க முடியாது. சந்தை விலையை அறிவதும் சந்தையில் விற்கும் உரிமையும் ஒன்றல்ல.

தோல் உரிக்கும் முறையில் இச்சிக்கல் தெளிவாகத் தெரிகிறது. செனகல் கடலை குறுகிய பயணத்தில் தோலுடனேயே மார்சேய்க்குப் போயிற்று. இந்தியாவிலிருந்து நீண்ட பயணம். தோலுடன் ஏற்றினால் கப்பலில் இடம் வீணாகும். ஆகவே இங்கேயே உரித்தனர். கையால் உரிப்பதை எளிதாக்கக் கடலையை நீரில் நனைத்துத் தடியால் அடிப்பது வழக்கம். நனைத்தால் எடையும் சற்றுக் கூடும். எடைக்கு விலை கொடுத்தார்களே தவிர, காய்ந்த தரத்துக்குத் தனி விலை உழவர்வரை வந்து சேரவில்லை. நனைக்காமல் இருக்க அவருக்கு என்ன காரணம் இருந்தது? ஈரப் பருப்பு வாரக்கணக்கில் கப்பலில் கிடந்து காரலடித்தது. எனவே செனகல் கடலை சமையல் எண்ணெய்க்கும், சோழமண்டலக் கடலை பெரும்பாலும் சோப்புக்கும் என மார்சேயில் தரம் பிரிந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உரிக்கும் இயந்திரங்கள் பரவியபின் இது ஓரளவு மாறிற்று. அந்த இயந்திரங்களால் தோல் உரித்துப் பிழைத்த பெண்களின் கூலிவேலை குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1914, 1929, 1933

ஒரே வாங்குபவரை நம்பிய வணிகம் எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதை மூன்று ஆண்டுகள் காட்டின. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் கப்பல்கள் கிடைக்கவில்லை; கடலை விலை சரிந்து மூட்டைகள் கிட்டங்கிகளில் தேங்கின. போருக்குப்பின் ஜெர்மனி, நெதர்லாந்து போன்ற நாடுகளும் வாங்கத் தொடங்கி வணிகம் மீண்டது. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் விலை மறுபடி வீழ்ந்தது. வாங்கிய கடனும் நிலவரியும் வீழவில்லை.

மூன்றாவது அடி அரசியல் முடிவால் வந்தது. 1933இல் பிரான்ஸ் தன் குடியேற்றநாடான செனகலின் கடலையைக் காக்க, வெளிநாட்டு எண்ணெய் வித்துக்களுக்குச் சுங்கம் விதித்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஒட்டாவா ஒப்பந்தப்படி ஆங்கிலப் பேரரசு தன் உறுப்பு நாடுகளுக்குள் சுங்கச் சலுகைகளை ஏற்படுத்திக்கொண்டிருந்தது. இரு பேரரசுகளும் தத்தமக்கு வேலி போட்டுக்கொண்டன. தென்னார்க்காட்டுக் கடலை தரத்திலோ விலையிலோ திடீரெனத் தாழ்ந்துவிடவில்லை. ஆயினும் அரை நூற்றாண்டுக்கு மேல் வாங்கிய சந்தை சுருங்கியது. அதே 1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தை இயற்றியது. எடை மோசடியையும் தரகுக் கழிவுகளையும் கட்டுப்படுத்தும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு அதுவே அடிப்படை.

போட்டியாளரின் விதை

1890களில் தென்னார்க்காட்டுக் கடலை விளைச்சல் கடுமையாகச் சரிந்தது. பழைய விதை நலிந்து நோயுற்றது. மொரீசியசு எனப்பட்ட வகை முதலிய வெளிநாட்டு விதைகள் வந்த பிறகே சாகுபடி மீண்டது. 1905இல் பண்ருட்டிக்கு அருகில் பாலூரில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. பின்னர்த் திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கடலை ஆய்வின் மையமாயிற்று. அங்கிருந்து வந்த இரகங்களே 'டி.எம்.வி.' என்ற பெயர் கொண்டவை. அவ்வெழுத்துக்கள் திண்டிவனத்தைக் குறிக்கும். 1940இல் வெளியான டி.எம்.வி. 2 இந்தியாவின் பல மாநிலங்களில் பல பத்தாண்டுகள் பயிரிடப்பட்டது. அதனுடன் வந்த டி.எம்.வி. 1, 'சலூம்' என்னும் மேற்கு ஆப்பிரிக்க வகையிலிருந்து தெரிவு செய்யப்பட்டது. சலூம் செனகலில் ஓடும் ஆற்றின் பெயர், அது பாயும் வட்டாரத்தின் பெயரும் கூட. சந்தையில் தன்னை வென்ற போட்டியாளரின் விதையே திண்டிவனத்தில் வேரூன்றியது.

பாமாயில் வந்தபின்

விடுதலைக்குப் பின் திசை மாறியது. வனஸ்பதி ஆலைகளும் பெருகிய மக்கள்தொகையும் கடலை எண்ணெயை உள்நாட்டிலேயே உறிஞ்சின. இந்தியா எண்ணெய் வித்து விற்ற நாடு என்ற நிலைபோய், உலகில் மிக அதிகமாகச் சமையல் எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடாயிற்று. தேவையில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. 1994இல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தில் ரேஷன் கடைகளில் பாமாயில் வழங்கப்படுகிறது. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் மணக்கும் சமையலறைக்குள் மணமற்ற எண்ணெய் ஒன்று விலையின் வலிமையால் நுழைந்தது. மஞ்சள் சோப்பை மறுத்த மார்சேய்க் குடும்பங்களுக்குத் தேர்வு இருந்தது. ரேஷன் வரிசையில் நிற்பவருக்கு அந்த அளவு இல்லை.

இங்கும் அதிகாரம் விலகி நிற்கவில்லை. காஷ்மீர் குறித்து மலேசியப் பிரதமர் மகாதீர் முகமது கூறிய கருத்துக்களால் உறவு கசந்திருந்த வேளையில், 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை இந்தியா கட்டுப்படுத்தியது. சுத்திகரிக்காத பாமாயில் தொடர்ந்து வந்தது. மார்சேய்க் கால உத்தியை, உள்நாட்டு ஆலைகளுக்கு வேலை தரும்படி, இப்போது இந்தியாவே கையாண்டது. 2022 ஏப்ரல் இறுதியில் இந்தோனேசியா தன் மக்களுக்கு எண்ணெய் விலையைக் குறைக்கப் பாமாயில் ஏற்றுமதியைச் சில வாரங்கள் நிறுத்தியது. அப்போது இந்தியச் சந்தையில் எல்லா எண்ணெய்களின் விலையும் அதிர்ந்தன. மரச்செக்கு எண்ணெய்க்கு அண்மையில் எழுந்துள்ள ஆர்வம் நகரங்களில் கூடுதல் விலைக்கு விற்கிறது; அதைக் கடலை விலையை நிர்ணயிக்கும் விசையாகக் கொள்ள இயலாது.

இன்றைய வேலி: பூஞ்சை நஞ்சு

சுங்கம் குறைந்துள்ள இக்காலத்தில் அதன் இடத்தைப் பெரிதும் தர விதிகள் பிடித்துள்ளன. 1960இல் இங்கிலாந்தில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையே காரணம் எனத் தெரிந்தது. அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். கல்லீரல் புற்றுநோயுடன் தொடர்புடையது. நேரடியாக உண்ணும் கடலையில் கிலோவுக்கு மொத்தம் 4 மைக்ரோகிராம், அதில் பி1 வகை 2 மைக்ரோகிராம் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் வரம்பு. பன்னாட்டு உணவுத் தரக் குழுவான கோடெக்ஸ், மேற்கொண்டு பக்குவப்படுத்தப்படும் கடலைக்கு வைத்துள்ள வரம்பு 15. உடல்நலக் காப்பு எது, சந்தைக் காப்பு எது என்ற வாதம் இந்த எண்களுக்கு இடையில்தான் நடக்கிறது. நஞ்சு உண்மையானது, எனவே விதியை வெறும் சூழ்ச்சி என்று தள்ள முடியாது. இந்தியக் கடலையின் பெரிய சந்தைகள் இன்று இந்தோனேசியா, வியட்நாம் முதலிய தென்கிழக்காசிய நாடுகளே. அவையும் சோதனைச் சான்று கேட்கின்றன.

விழுப்புரம் மாவட்டத்தில் ஆடிப் பட்டத்தில் விதைத்த மானாவாரிக் கடலை அறுவடைக்கு வரும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். பருப்பின் ஈரம் 8 விழுக்காட்டளவுக்கு இறங்கினால்தான் பூஞ்சைக்குப் பயமில்லை. அதற்குச் சிமெண்டுக் களமும் தார்ப்பாயும் சில நாள் வெயிலும் வேண்டும். இவை இல்லாதவர் ஈரத்துடனேயே விற்கிறார். விக்கிரவாண்டி, விழுப்புரம், செஞ்சி விற்பனைக் கூடங்களில் மூட்டையைப் பிரித்து, ஒரு கைப்பிடி அள்ளி, நசுக்கிப் பார்த்து ஏலத்தில் விலை வைக்கிறார்கள். ஈரம் கையில் தெரியும், நஞ்சு தெரியாது. அது தெரிவது ஏற்றுமதியாளரின் ஆய்வகச் சோதனையில். அங்கு மறுக்கப்படும் சரக்கின் இழப்பை முன்கூட்டியே கணக்கிட்டுக் கூடத்து விலை குறைத்துக் கேட்கப்படுகிறது. நன்றாகக் காயவைத்தவரின் மூட்டைக்கும் அதே கழிவுதான்.